அத்தியாயம் 9: பட்டியலில் தெரியும் கோப்பு திறக்க மறுத்தால்

நெட்வொர்க் ஷேரை மவுண்ட் செய்தாயிற்று. பட்டியலில் கோப்பு தெரிகிறது. பெயரைத் தட்டினால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்கிறது. பக்கத்து மேசை விண்டோஸ் கணினியில் அதே கோப்பு உடனே திறக்கிறது. பெர்மிஷன் பார்த்தாயிற்று, பாஸ்வேர்டு பார்த்தாயிற்று, கேபிளைக்கூட மாற்றியாயிற்று. இந்த நிலையில் நீங்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது பெயரில் இருக்கும் ஆங்கில எழுத்துகளை. எங்கோ ஓர் எழுத்து கேப்பிடலாக இருக்கிறது, நீங்கள் ஸ்மாலாகத் தட்டுகிறீர்கள், அல்லது நேர்மாறாக.

இதைவிட மோசமான வடிவம் ஒன்று உண்டு. எந்த எச்சரிக்கையும் வராது, எல்லாம் திறக்கும், ஆனால் இரண்டு கோப்புகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். திறக்காத கோப்பைத் தேடி எடுத்துவிடலாம். மேலெழுதப்பட்ட கோப்பு பேக்கப்பில் இருந்தால்தான் உண்டு. ஆகவே இந்த அத்தியாயத்தில் வேகத்தைவிட வரிசைக்கு முக்கியத்துவம் கொடுங்கள். படிகளைத் தாண்டிப் போக வேண்டாம்.

கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடத்திலெல்லாம் ஆங்கில ஸ்மால் எழுத்தில் தட்டுங்கள்.

யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரு பெயரில் கேப்பிடலும் ஸ்மாலும் வேறு வேறா என்பதை நான்கு பேர் முடிவு செய்கிறார்கள். வேறு வேறு என்று எடுத்துக்கொள்வதைத்தான் இங்கே ‘கேஸ் பார்ப்பது’ என்கிறேன்.

முதலாவது, சர்வரின் வட்டில் இருக்கும் ஃபைல் சிஸ்டம். லினக்ஸின் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் வழக்கமான அமைப்பில் கேஸ் பார்க்கும். விண்டோஸில் என்டிஎஃப்எஸ், மேக்கில் எச்எஃப்எஸ் பிளஸ், ஏபிஎஃப்எஸ் ஆகியவை வழக்கமாகக் கேஸ் பார்க்காது. ஆனால் நீங்கள் வைத்த பெயரை வைத்தபடியே காட்டும்.

இரண்டாவது, ஷேரைக் கொடுக்கும் மென்பொருள். சாம்பா, கேஸ் பார்க்கும் லினக்ஸ் வட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, கேஸ் பார்க்காத விண்டோஸ் வட்டு போல நடந்துகொள்ளும். மூன்றாவது, உங்கள் கணினியின் மவுண்ட். அது பெயர்களைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு சொந்தமாகவும் ஒப்பிட்டுப் பார்க்கும். நான்காவது, கோப்பைக் கேட்கும் நிரல்.

இந்த நால்வரில் இருவர் ஒத்துப்போகாததுதான் சிக்கல். அந்த இருவர் யார் என்று தெரியாமல் எந்த அமைப்பையும் தொடாதீர்கள். கண்ணில் பட்ட ஆப்ஷனையெல்லாம் சேர்த்து எப்படியோ வேலை செய்ய வைத்த ஷேர், அடுத்த அப்டேட்டில் மறுபடி நிற்கும். அப்போது எந்த ஆப்ஷன் எதற்காக என்று யாருக்கும் தெரியாது.

கை வைக்கும் முன்

1. ஷேரின் பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போதாது, அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள். பேக்கப் எடுத்த வட்டு கேஸ் பார்க்காத வகையாக இருந்தால், இழப்பு அங்கே ஏற்கெனவே நடந்திருக்கலாம். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த யுஎஸ்பி வட்டு அந்த வகைதான்.

2. சர்வரில் சாம்பாவின் கான்ஃப் கோப்பையும், உங்கள் கணினியில் எஃப்எஸ்டேப் கோப்பையும் தேதி போட்டுக் காப்பி எடுத்து வையுங்கள்.

3. இப்போது ஷேர் எப்படி மவுண்ட் ஆகியிருக்கிறது என்பதை ஃபைண்ட்மவுண்ட் கட்டளையால் பார்த்து, வரும் ஆப்ஷன் வரிசை முழுவதையும் ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். எஃப்எஸ்டேப்பில் எழுதியிருப்பதும் உண்மையில் நடப்பில் இருப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

4. பெயர் மாற்றும் கட்டம் வரும்போது மற்றவர்கள் ஷேரில் எழுதக் கூடாது. அந்த நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.

எச்சரிக்கை: மவுண்ட் ஆப்ஷனில் ‘வெர்ஸ்=1.0’ என்று போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உண்மையிலேயே சில இடங்களில் வேலை செய்யும், ஆபத்தே அதில்தான். அது எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறையைத் திறந்துவிடுகிறது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை, விண்டோஸின் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. பெயரில் ஓர் எழுத்தைச் சரிசெய்ய அந்தக் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

இரண்டு கோப்புச் சோதனை

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஆகாது, எதையும் கெடுக்காது.

1. உங்கள் கணினியில், மவுண்ட் ஆன ஷேருக்குள், புதிதாக ஒரு சோதனை ஃபோல்டர் உருவாக்குங்கள்.

2. அதற்குள் ஸ்மால் ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்துப் பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, உள்ளே 1 என்று எழுதுங்கள். எக்கோ கட்டளையின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினாலே போதும்.

3. கேப்பிடல் ‘ஏ’ என்ற பெயரில் இன்னொரு கோப்பு உருவாக்கி, உள்ளே 2 என்று எழுதுங்கள்.

4. எல்எஸ் கொடுத்துப் பட்டியல் பாருங்கள். பிறகு கேட் கட்டளையால் இரண்டு பெயரையும் தனித்தனியே திறந்து, எதற்குள் என்ன எண் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5. இதையே சர்வரில் உட்கார்ந்து, அதன் சொந்த வட்டில், இன்னொரு சோதனை ஃபோல்டரில் செய்யுங்கள்.

6. சர்வர் வட்டில் இரண்டு கோப்பும் உருவாகியிருந்தால், அந்த ஃபோல்டரை உங்கள் கணினியின் மவுண்ட் வழியாகத் திறந்து பாருங்கள். இரண்டு பெயரும் தெரிகின்றனவா, ஒவ்வொன்றும் தன் எண்ணைக் காட்டுகிறதா?

பட்டியலில் இரண்டு கோப்பு, ஒவ்வொன்றிலும் அதனதன் எண் இருந்தால், அந்தப் பாதை முழுக்கக் கேஸ் பார்க்கிறது. ஒரே கோப்பு, பெயர் ஸ்மால், உள்ளே 2 என்றால் கேஸ் பார்க்கவில்லை, ஆனால் முதலில் வைத்த பெயரைக் காப்பாற்றுகிறது. கேப்பிடல் கோப்பை மட்டும் தனியாக உருவாக்கினாலும் பட்டியலில் ஸ்மாலாக வந்தால், சர்வரில் யாரோ பெயர்களை ஸ்மாலாக்கும் அமைப்பை வைத்திருக்கிறார்கள்.

ஆறாம் படியில் இரண்டு பெயர் தெரிந்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஷேரில் நீங்கள் ஒன்றை அழிக்கும்போது மற்றது அழியலாம். மோதல்களைத் தீர்க்கும்வரை அங்கே மவுண்ட் வழியாக எதையும் அழிக்கவோ பெயர் மாற்றவோ வேண்டாம்.

குறிப்பு: சோதனையில் கேஸ் பார்க்கவில்லை என்று வந்த பிறகும் உங்கள் ஸ்கிரிப்ட் கோப்பைக் கண்டுபிடிக்காமல் போகலாம். ஷெல்லில் நட்சத்திரக் குறி போட்டு ‘ஜேபிஜி’ என்று ஸ்மாலில் முடியும் படங்களைக் கேட்டால், ஷெல் பட்டியலை வாங்கித் தானே ஒப்பிடுகிறது. கேமரா வைத்த கேப்பிடல் ‘ஜேபிஜி’ அதற்குப் பொருந்தாது. மவுண்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பேஷ் ஷெல்லில் ‘நோகேஸ்குளோப்’ அமைப்பை இயக்கலாம். ஃபைண்ட் கட்டளையில் ‘நேம்’ ஆப்ஷனுக்குப் பதில் ‘ஐநேம்’ போடலாம். நான்காவது ஆள் என்று மேலே சொன்னது இதைத்தான்.

சர்வர் சாம்பா என்றால்

சாம்பாவின் கான்ஃப் கோப்பில், ஷேரின் பகுதியில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: ‘கேஸ் சென்சிட்டிவ்’, ‘பிரிசர்வ் கேஸ்’, ‘ஷார்ட் பிரிசர்வ் கேஸ்’. இல்லையென்றால் வழக்கமான மதிப்பு நடப்பில் இருக்கிறது. முதலாவதற்கு அது ‘ஆட்டோ’, மற்ற இரண்டுக்கும் ‘யெஸ்’.

‘ஆட்டோ’ என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கேஸ் பார்க்கத் தெரிந்த கணினி கேட்டால் சாம்பா கேஸ் பார்க்கும், விண்டோஸுக்குப் பார்க்காது என்பது அதன் பொருள். எஸ்எம்பி 1 காலத்தில் லினக்ஸ் மவுண்ட் இப்படிக் கேட்கும் வழி இருந்தது. லினக்ஸ் கெர்னல் 4.13 (2017) முதல் மவுண்டின் வழக்கமான நெறிமுறை எஸ்எம்பி 1 இல்லை. சாம்பாவும் 4.11 (2019) முதல் எஸ்எம்பி 1-ஐ வழக்கமாக மூடிவைக்கிறது. ஆக, யாரும் எதையும் தொடவில்லை, அப்டேட் மட்டும்தான் போட்டோம், அதுவரை கேஸ் பார்த்த ஷேர் இப்போது பார்க்கவில்லை என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். புதிய எஸ்எம்பி 3.1.1-இல் பாசிக்ஸ் நீட்சிகள் அதே வசதியைத் திரும்பக் கொண்டுவருகின்றன; சர்வரும் மவுண்டும் இரண்டுமே அதை ஆதரித்தால் ‘பாசிக்ஸ்’ என்ற மவுண்ட் ஆப்ஷனால் கேட்கலாம்.

மாற்றும் வரிசை:

1. ஷேரை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். லினக்ஸ் கணினிகள் மட்டும்தான் என்றால் ‘கேஸ் சென்சிட்டிவ்’ மதிப்பை ‘யெஸ்’ ஆக்கலாம். ஒரே ஒரு விண்டோஸ் கணினி இருந்தாலும் வேண்டாம். விண்டோஸ் நிரல்கள் கேஸைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதப்பட்டவை. ஒரு பெயரில் சேமித்து, வேறு கேஸில் கேட்பவை உண்டு. நீங்கள் ஒரு சிக்கலைத் தீர்த்து ஒன்பதை வாங்கிக்கொள்வீர்கள்.

2. மாற்றியதும் டெஸ்ட்பார்ம் கட்டளையை ஓட்டுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அதுவே சொல்லிவிடும்.

3. சர்வரில் அமைப்பை மறுபடி ஏற்றுங்கள். ஏற்கெனவே இணைந்திருக்கும் கணினிகள் பழைய அமைப்பிலேயே தொடரலாம். ஒவ்வொன்றிலும் ஷேரை முழுக்க அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள்.

4. இரண்டு கோப்புச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

விண்டோஸ் சர்வர், லினக்ஸ் மவுண்ட்

சர்வர் கேஸ் பார்ப்பதில்லை; ஆனால் உங்கள் லினக்ஸ் கணினி பெயர்களைக் கேஸ் பார்த்து நினைவில் வைக்கிறது. ஒரே கோப்பை இரண்டு விதமாகத் தட்டினால் இரண்டும் திறக்கும், உங்கள் கணினி அவற்றை இரண்டு பெயர்களாகவே வைத்திருக்கும். ஒன்றை அழித்த பிறகும் மற்றது இன்னும் இருப்பதாகச் சற்று நேரம் சொல்லக்கூடும். இதற்கு மருந்து ‘நோகேஸ்’ என்ற மவுண்ட் ஆப்ஷன். அதை ‘இக்னோர்கேஸ்’ என்றும் எழுதலாம்.

1. ஷேரில் வேலை செய்யும் நிரல்களை மூடுங்கள். அன்மவுண்ட் கொடுத்தால் ‘பிஸி’ என்று வந்தால், எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பல நேரம் அது அந்த ஃபோல்டருக்குள் நிற்கும் உங்கள் டெர்மினலாகவே இருக்கும். கட்டாயப்படுத்திப் பிடுங்க வேண்டாம். எழுதி முடியாத கோப்பு பாதியில் நின்றுவிடும்.

2. எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் ஆப்ஷன்களோடு காற்புள்ளி போட்டு ‘நோகேஸ்’ சேருங்கள். அதே வரியில் ‘நோஃபெயில்’ இல்லையென்றால் அதையும் சேருங்கள். சர்வர் அணைந்திருக்கும் நாளில் உங்கள் கணினி பூட் ஆகாமல் நிற்பதை அது தவிர்க்கும்.

3. ‘ரீமவுண்ட்’ கொடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள். பெயரை ஒப்பிடும் முறை ஷேர் முதலில் மவுண்ட் ஆகும்போதே தீர்மானமாகிவிடுகிறது. முழுக்க அன்மவுண்ட் செய்து, புதிதாக மவுண்ட் செய்ய வேண்டும்.

4. ஃபைண்ட்மவுண்ட் வெளியீட்டில் ‘நோகேஸ்’ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஒரு தவறான நம்பிக்கை: ‘நோகேஸ்’ போட்டால் எந்த சர்வரும் கேஸ் பார்க்காமல் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அது உங்கள் கணினியின் ஒப்பீட்டை மட்டும்தான் மாற்றுகிறது. கேஸ் பார்க்கும்படி அமைத்த சாம்பா சர்வர், தவறான கேஸில் வரும் பெயருக்கு அப்போதும் ‘இல்லை’ என்றுதான் சொல்லும்.

விண்டோஸ் சர்வரிலேயே ஒரு ஃபோல்டர் மட்டும் வித்தியாசமாக நடந்துகொண்டால் இன்னொன்றைப் பாருங்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு (2018) முதல் என்டிஎஃப்எஸ் ஃபோல்டர் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேஸ் பார்க்கும் கொடியை வைக்கலாம். லினக்ஸ் துணை அமைப்பில் வேலை செய்யும் புரோகிராமர்கள் அதை வைத்துவிட்டு மறந்திருக்கலாம். எஃப்எஸ்யூடில் கட்டளையின் ‘ஃபைல்’ பிரிவில் இருக்கும் ‘குவரி கேஸ் சென்சிட்டிவ் இன்ஃபோ’ அந்தக் கொடியைக் காட்டும்.

என்எஃப்எஸ் என்றால்

சாம்பா போல ஷேரைக் கொடுக்கும் இன்னொரு வழி என்எஃப்எஸ். லினக்ஸிலிருந்து லினக்ஸுக்குப் போகும் என்எஃப்எஸ் மவுண்டில் ‘நோகேஸ்’ போன்ற ஆப்ஷன் கிடையாது. சர்வர் வட்டு எப்படியோ அப்படித்தான். விண்டோஸின் என்எஃப்எஸ் கிளையன்ட்டில் மட்டும் மவுண்ட் கட்டளைக்கு ‘கேஸ்சென்சிட்டிவ்’ என்று யெஸ் அல்லது நோ கொடுக்கும் ஆப்ஷன் உண்டு.

ஒரே ஃபோல்டரை என்எஃப்எஸ் வழியாகவும் சாம்பா வழியாகவும் கொடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் மோதல்கள் பிறக்கும் இடம் அதுதான். லினக்ஸ்காரர் என்எஃப்எஸ் வழியே இரண்டு கேஸில் இரண்டு கோப்பு வைப்பார். அவருக்கு அது முழுக்க நியாயம். விண்டோஸ்காரருக்கு எது திறக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. முடிந்தால் ஒரு வழியை மூடுங்கள். முடியாவிட்டால் ஸ்மால் எழுத்தில் மட்டுமே பெயர் வைப்பது என்று இரு தரப்புக்கும் விதி போடுங்கள்.

சர்வரில் பெயரைத் திருத்தியும் என்எஃப்எஸ் கணினியில் பழைய பெயரே தெரிந்தால் பதற வேண்டாம். ஃபோல்டர் விவரங்களை அது வழக்கமாக 30 முதல் 60 நொடி வரை நினைவில் வைத்திருக்கும். ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள்.

எக்ஸ்ட்4-இலேயே கேஸ் பார்க்காத ஃபோல்டர் வைக்கும் வசதி லினக்ஸ் 5.2 (2019) முதல் உண்டு. ‘கேஸ்ஃபோல்ட்’ அம்சத்தை வட்டில் இயக்கி, காலி ஃபோல்டருக்கு சிஎச்ஏடிடிஆர் கட்டளையால் கேப்பிடல் ‘எஃப்’ கொடியை வைக்க வேண்டும். கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் அது ஏறாது. நன்றாக வடிவமைத்த வசதிதான். ஆனாலும் என்எஃப்எஸ் சிக்கலுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மறுமுனையில் இருக்கும் கணினி பெயர்களை இன்னும் கேஸ் பார்த்தே நினைவில் வைத்திருக்கும். அங்கே பெயர்களைத் திருத்துவதே சரி. இசட்எஃப்எஸ் பயன்படுத்துபவர்கள் டேட்டாசெட் உருவாக்கும் நேரத்திலேயே ‘கேஸ்சென்சிட்டிவிட்டி’யைத் தீர்மானிக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

மோதும் பெயர்களைக் கண்டுபிடித்துத் திருத்துதல்

அமைப்பை மாற்றுவது பாதி வேலை. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பெயர்களைத் திருத்துவது மீதிப் பாதி. நிலையான தீர்வு இதில்தான் இருக்கிறது. இதை மவுண்ட் வழியாகச் செய்ய வேண்டாம். சர்வரில், அதன் சொந்த வட்டில் செய்யுங்கள். மவுண்டில் எம்வி கட்டளையிடம் கேஸை மட்டும் மாற்றச் சொன்னால் ‘இரண்டும் ஒரே கோப்பு’ என்று மறுக்கக்கூடும்.

1. மற்றவர்கள் எழுதுவதை நிறுத்துங்கள். சாம்பாவில் ஷேரை ‘ரீட் ஒன்லி’ ஆக்கினால் போதும். அதே ஃபோல்டர் என்எஃப்எஸ் வழியாகவும் போனால் அதையும் நிறுத்துங்கள்.

2. ஷேரின் உச்சி ஃபோல்டரில் நின்று ஃபைண்ட் கட்டளையால் முழுப் பட்டியலை எடுங்கள். அதைக் குழாய்க்குறியால் சார்ட்டுக்கு அனுப்புங்கள், ஸ்மால் ‘எஃப்’ ஆப்ஷனோடு. அங்கிருந்து யூனிக்குக்கு, ஸ்மால் ‘ஐ’, கேப்பிடல் ‘டி’ ஆப்ஷன்களோடு. சார்ட்டுக்கு முன்னால் ‘எல்சி_ஆல்’ மாறியின் மதிப்பை ‘சி’ என்று வையுங்கள். மாறியின் பெயரும் மதிப்பும் கேப்பிடலில். இல்லாவிட்டால் மொழி அமைப்பைப் பொறுத்து வரிசை மாறி, மோதும் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வராமல் தப்பிவிடலாம்.

3. கேப்பிடல் ‘டி’ என்று சொன்னதைக் கவனியுங்கள். அது மோதும் பெயர்கள் எல்லாவற்றையும் காட்டும். ஸ்மால் ‘டி’ ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை மட்டும் காட்டும். எது மோதுகிறது என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

4. ஜோடி ஜோடியாக முடிவெடுங்கள். எஸ்எச்ஏ256சம் கட்டளையால் இரண்டின் கையொப்ப எண்ணையும் பாருங்கள். ஒன்றாக இருந்தால் ஒன்றைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், அழிக்க வேண்டாம். வேறாக இருந்தால் இரண்டுமே யாரோ உழைத்த கோப்புகள். தேதியைப் பார்த்துப் புதியதுதான் சரி என்று முடிவு கட்டாமல், ஒன்றின் பெயரில் தேதியைச் சேர்த்து இரண்டையும் வைத்து, உரியவரிடம் கேளுங்கள்.

5. ஃபோல்டர்களே மோதினால், அதாவது கேப்பிடலில் ஒரு ‘பில்ஸ்’, ஸ்மாலில் ஒரு ‘பில்ஸ்’ இருந்தால், ஒன்றின் உள்ளடக்கத்தை இன்னொன்றுக்கு அப்படியே கொட்டாதீர்கள். உள்ளே மறுபடி பெயர்கள் மோதும். எம்வி கட்டளைக்கு ஸ்மால் ‘என்’ ஆப்ஷன் கொடுங்கள். இருக்கும் கோப்பின் மேல் எழுதாது. நகராமல் மிஞ்சியவற்றை நான்காம் படியில் சொன்னபடி பாருங்கள்.

6. மோதல் தீர்ந்த பிறகுதான் எல்லாவற்றையும் ஸ்மாலாக்குவது. கன்வ்எம்வி என்ற கருவியில் ‘லோயர்’ ஆப்ஷன் இருக்கிறது. எதைச் சொன்னாலும் அது முதலில் ஒத்திகை மட்டுமே பார்த்து, என்ன செய்யப் போகிறது என்று காட்டும். ‘நோடெஸ்ட்’ கொடுத்தால்தான் உண்மையில் மாற்றும். ஒத்திகை வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். பிறகு யாராவது தன் பழைய கோப்பு எங்கே என்று கேட்டால் அதுதான் உங்கள் பதிவேடு.

7. சொந்த ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் ஃபைண்டுக்கு ‘டெப்த்’ ஆப்ஷன் கொடுத்து, உள்ளிருந்து வெளியே வாருங்கள். வெளி ஃபோல்டரின் பெயரை முதலில் மாற்றினால், பட்டியலில் மிச்சமிருக்கும் பாதைகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

கேஸ் பார்க்காத வட்டில் ஒரே ஒரு கோப்பின் கேஸை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு தாவலாகச் செய்யுங்கள்: முதலில் வேறொரு தற்காலிகப் பெயர், பிறகு வேண்டிய பெயர்.

பெயர் மாறினால் அந்தப் பெயரைச் சுட்டிக்கொண்டிருந்தவையும் உடையும். எக்செல் கோப்புகளுக்கு இடையிலான இணைப்புகள், பக்க வடிவமைப்புக் கோப்பு தேடும் படங்கள், இணையப் பக்கத்துக்குள் எழுதிய பட முகவரிகள் இதில் அடங்கும். விண்டோஸில் இவை தப்பிவிடும், லினக்ஸில் தப்பாது. ஷேரைத் திறந்துவிடும் முன் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

காப்பி எடுக்கும்போது நேரும் இழப்பு

கேஸ் பார்க்கும் வட்டிலிருந்து பார்க்காத ஷேருக்கு ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்கிறீர்கள். மோதும் ஜோடியில் இரண்டாவது கோப்பு முதலாவதன் மேல் விழுகிறது. காப்பி ‘வெற்றி’ என்றே முடியும்.

இதைக் கண்ணால் பார்க்க நல்ல எடுத்துக்காட்டு லினக்ஸ் கெர்னலின் மூல நிரலே. அதன் நெட்ஃபில்டர் பகுதியில் ‘எக்ஸ்டி_கான்மார்க்’ என்ற ஹெடர் கோப்பு இரண்டு உண்டு. ஒன்றில் ‘கான்மார்க்’ முழுக்கக் கேப்பிடல், இன்னொன்றில் முழுக்க ஸ்மால். பாக்கெட்டின் மேல் செயல்படுவதற்குக் கேப்பிடல், பாக்கெட்டைப் பொருத்திப் பார்ப்பதற்கு ஸ்மால் என்பது அங்கே வேண்டுமென்றே வைத்த மரபு. கேஸ் பார்க்காத ஷேரில் கெர்னலை கிட் மூலம் இறக்கினால், நீங்கள் எதையும் தொடும் முன்பே ‘கோப்பு மாறியிருக்கிறது’ என்று கிட் சொல்லும். 2018-இல் வந்த 2.20 பதிப்பு முதல், குளோன் செய்யும்போதே மோதிய பெயர்களைப் பட்டியலிட்டு எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள்.

காப்பியின்போது:

1. மூலத்தில் மேலே சொன்ன மோதல் தேடலை ஓட்டுங்கள். ஒரு ஜோடி கிடைத்தாலும் காப்பியைத் தொடங்க வேண்டாம்.

2. காப்பிக்கு முன்னும் பின்னும் இரு பக்கத்திலும் கோப்புகளை எண்ணுங்கள். ஃபைண்ட் கட்டளையில் ‘டைப் எஃப்’ கொடுத்து, டபிள்யூசி கட்டளையின் ஸ்மால் ‘எல்’ ஆப்ஷனுக்கு அனுப்பினால் எண்ணிக்கை வரும். ஒன்று குறைந்தாலும் தேடுங்கள்.

3. ஆர்சிங்க் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதே கோப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பினால், அது மோதலின் அறிகுறி. இரண்டு மூலக் கோப்புகள் ஒரே இடத்துக்காகச் சண்டை போடுகின்றன.

4. மூலத்தில் ஒரு கோப்பின் கேஸை மட்டும் மாற்றிவிட்டு, ‘டெலிட்-ஆஃப்டர்’ ஆப்ஷனோடு ஆர்சிங்கை ஓட்டாதீர்கள். புதுப் பெயரில் தேடும்போது கேஸ் பார்க்காத ஷேர் பழைய கோப்பையே காட்டி ‘இருக்கிறது’ என்று சொல்லும், ஆர்சிங்க் அனுப்பாது. கடைசியில் பழைய பெயர் மூலத்தில் இல்லை என்று அதை அழித்துவிடும். இரண்டும் போய்விடும். முதலில் எப்போதும் ‘ட்ரை-ரன்’.

கிட் களஞ்சியத்தை ஷேரில் வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘கோர் டாட் இக்னோர்கேஸ்’ என்ற அமைப்பை, களஞ்சியம் உருவாகும்போது கிட் தானே சோதித்து எழுதுகிறது. களஞ்சியத்தை வேறு வகை வட்டுக்கு மாற்றினால் அந்த மதிப்பு பழையதாகிவிடும். அதைக் கையால் திருத்துவதைவிடப் புது இடத்தில் புதிதாகக் குளோன் செய்யுங்கள். கிட்டைப் புதுப்பித்தும் வையுங்கள். 2014 டிசம்பரில் வெளியான ஓட்டை ஒன்றில், கிட்டின் மறைவு ஃபோல்டர் பெயரைக் கேப்பிடலில் எழுதிய களஞ்சியம், கேஸ் பார்க்காத வட்டில் உண்மையான அமைப்புக் கோப்பின் மேலேயே எழுதி, அதன் வழியாகக் கட்டளைகளை ஓட்ட முடிந்தது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

தமிழில் கேப்பிடலும் இல்லை, ஸ்மாலும் இல்லை. ஆகவே தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது என்று தோன்றும். ஆனால் இதே அறிகுறிகளோடு வேறொரு சிக்கல் வரும். ‘கொ’ வரிசையை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொன்று. ‘கோ’ வரிசையும் ‘கௌ’ வரிசையும் ‘ஔ’ எழுத்தும் அப்படியே. திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. எக்ஸ்ட்4 வட்டுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அந்த வட்டிலிருந்து ஆர்சிங்க் வழியாக லினக்ஸ் சர்வருக்கு வந்த கோப்பு பிரித்த பெயரோடு வரலாம். நீங்கள் விசைப்பலகையில் தட்டுவது பெரும்பாலும் சேர்த்த வடிவம். பட்டியலில் ‘கொடி’ இருக்கிறது, ‘கொடி’ என்று தட்டினால் இல்லை. கேப்பிடல்–ஸ்மால் மோதல் தேடல் இதைப் பிடிக்காது.

1. சந்தேகம் உள்ள கோப்பை நட்சத்திரக் குறியால் எல்எஸ்ஸில் வரவழைத்து, வெளியீட்டை டபிள்யூசியின் ஸ்மால் ‘சி’ ஆப்ஷனுக்கு அனுப்பிப் பைட்டுகளை எண்ணுங்கள். ‘கொடி’ சேர்த்த வடிவில் 12 பைட், பிரித்த வடிவில் 15. வரி முடிவுக்கு ஒன்று கூடி, 13 அல்லது 16 என்று வரும்.

2. 16 வந்தால் கன்வ்எம்வி கருவியில், இரு பக்கமும் யுடிஎஃப்8 என்று கொடுத்து, ‘என்எஃப்சி’ ஆப்ஷனோடு ஒத்திகை பாருங்கள். பட்டியல் சரியாக இருந்தால் ‘நோடெஸ்ட்’ சேருங்கள்.

3. அதன் பிறகும் திறக்காமல் இருக்கும் பெயரில் ‘கௌ’ போன்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கொம்பு போட்டு ‘ள’ எழுத்தைத் தட்டி ‘கெள’ என்று எழுதியவர்கள் நிறையப் பேர். பார்வைக்கு ஒன்றுதான்; ஆனால் அது எழுத்துப் பிழை. எந்தக் கருவியும் அதைத் தானாகத் திருத்தாது, கையால்தான் மாற்ற வேண்டும்.

பெரிய ஃபோல்டர் மெதுவாக இருந்தால்

கேஸ் பார்க்காத சாம்பா, கேட்ட பெயர் அப்படியே கிடைக்கவில்லையென்றால் ஃபோல்டர் முழுவதையும் படித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே ஃபோல்டரில் லட்சம் கோப்பு இருந்தால், புதிதாக ஒன்று உருவாக்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். ஸ்கேன் செய்த ஆவணங்களைக் கொட்டும் ஷேர்களில் இந்த மந்தம் தெளிவாகத் தெரியும்.

1. சாம்பாவை நிறுத்தி, அந்த ஷேரின் எல்லாப் பெயர்களையும் மேலே சொன்ன வரிசையில் ஸ்மாலாக்குங்கள். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சியது விண்டோஸிலிருந்து திறக்காது.

2. அந்த ஷேருக்கு மட்டும் நான்கு வரி: ‘கேஸ் சென்சிட்டிவ்’ யெஸ், ‘டிஃபால்ட் கேஸ்’ லோயர், ‘பிரிசர்வ் கேஸ்’ நோ, ‘ஷார்ட் பிரிசர்வ் கேஸ்’ நோ. விண்டோஸ் இருந்தால் ‘கேஸ் சென்சிட்டிவ்’ யெஸ் வேண்டாம் என்று முன்பு சொன்னதற்கு இது விதிவிலக்கு; இங்கே எல்லாப் பெயரும் ஸ்மாலாகிவிடுகிறது.

3. டெஸ்ட்பார்ம் ஓட்டி, சாம்பாவைத் தொடங்கி, விண்டோஸிலிருந்து கேப்பிடலில் ஒரு கோப்பு உருவாக்கிப் பாருங்கள். பட்டியலில் ஸ்மாலாக வர வேண்டும்.

இனி அந்த ஷேரில் யார் எப்படிப் பெயர் வைத்தாலும் ஸ்மாலாகிவிடும் என்பதைப் பயன்படுத்துபவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

திரும்பத் திறந்துவிடும் முன்

1. உங்கள் கணினியை ரீஸ்டார்ட் செய்து, ஷேர் தானாக மவுண்ட் ஆகிறதா, ஆப்ஷன்கள் அப்படியே இருக்கின்றனவா என்று ஃபைண்ட்மவுண்டில் பாருங்கள்.

2. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு வகைக் கணினியிலும் இரண்டு கோப்புச் சோதனையைச் செய்து, விடையைச் சாம்பாவின் கான்ஃப் கோப்பிலேயே குறிப்பு வரியாக, தேதியோடு எழுதுங்கள்.

3. மோதல் தேடும் கட்டளையை சர்வரில் வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி கிரானில் வையுங்கள். விடை காலியாக இல்லாவிட்டால் மட்டும் உங்களுக்கு மெயில் வரட்டும்.

4. தனி ஃபோல்டருக்கு நகர்த்திய கோப்புகளை, அடுத்த முழுப் பேக்கப் முடிந்து அதையும் மீட்டுப் பார்த்த பிறகே அழியுங்கள்.